கொளுத்தும் கோடையில் பசுமைக்குடில் பயிர்கள்: வெப்பத்தைத் தணிக்கும் வழிமுறைகள்

ராஜஸ்தான் மாநிலம் ஜெய்ப்பூர் மாவட்டத்தில் உள்ள குடா குமாவதான் கிராமமும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் 'மினி இஸ்ரேல்' என்று அழைக்கப்படுகின்றன. வறண்ட அந்த நிலத்தில் ஏராளமான பசுமைக்குடில்களை அமைத்து விவசாயிகள் வெள்ளரி சாகுபடி செய்து வருகின்றனர். குளிர்காலத்தில் பயிருக்கு அரணாக விளங்கும் இதே குடில், வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் மே, ஜூன் மாதங்களில் பயிரை வாட்டும் உலையாக மாறிவிடுகிறது. பாலித்தீன் கூரை வழியே உள்ளே வரும் வெயில், காற்றோட்டம் குறைந்தால் வெளியேற வழியின்றித் தேங்குவதே இதற்குக் காரணம்.

நண்பகலில் இலைகள் துவள்வதும், அவற்றின் ஓரங்கள் சுருள்வதும் முதல் அறிகுறிகள். துவண்ட பயிரைக் கண்டதும் தண்ணீர் பாய்ச்சுவதுதான் பலரது வழக்கம். ஆனால் மண்ணில் போதிய ஈரம் இருந்தும் இலை துவண்டு, மாலையில் தானாக நிமிர்ந்தால், அது பெரும்பாலும் வெப்பத்தின் விளைவே. அப்போது மேலும் நீர் விடுவது வேரழுகலுக்கே வழிவகுக்கும். வெப்பம் நீடித்தால் வெள்ளரியில் பெண் பூக்கள் குறையும், காய்கள் கோணலாகும். குடைமிளகாயில் பூவும் பிஞ்சும் உதிரும். வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் சிவப்புச் சிலந்திப் பேன் பெருகும்.

இதைச் சமாளிக்கப் பரவலாகப் பயன்படுவது விசிறி, ஈரத்தட்டி முறை. வீட்டு ஏர்கூலரின் தத்துவமேதான் இது. ஒரு பக்கச் சுவரில் நீர் வழியும் தட்டிகளும், எதிர்ப்பக்கத்தில் காற்றை வெளியே இழுக்கும் பெரிய விசிறிகளும் பொருத்தப்படுகின்றன. நீர் ஆவியாகும்போது காற்று குளிர்கிறது.

இம்முறையின் பலன் காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. வெளியே 40 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் இருந்தால், நன்கு பராமரிக்கப்படும் தட்டி, உள்ளே வரும் காற்றை ஏறத்தாழ 14 டிகிரி வரை குளிர்விக்கும். அதே தட்டி, 35 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள பருவமழைக் காலத்தில் சுமார் 4 டிகிரி மட்டுமே குறைக்கும். ராஜஸ்தானின் வறண்ட கோடைக்குப் பொருந்தும் இந்த ஏற்பாட்டைக் கடலோரப் பகுதிகளில் அப்படியே அமைப்பது வீண் செலவாகிவிடும். மின்தடை மற்றொரு ஆபத்து. விசிறி நின்றால், அடைத்த குடிலுக்குள் வெப்பம் விரைவாக ஏறும். எனவே ஜெனரேட்டர் இல்லாமல் இம்முறையை நம்பி இறங்குவது உசிதமல்ல. உப்பு நீரால் தட்டிகளில் படியும் உப்பையும் அவ்வப்போது அகற்ற வேண்டும்.

மின்சாரம் தேவைப்படாத இயற்கைக் காற்றோட்டக் குடில்களில், சூடான காற்று மேலெழுந்து கூரை உச்சியின் திறப்பு வழியே வெளியேறுகிறது. பூச்சிகளைத் தடுக்கும் வலையில் தூசி அடைத்துக்கொண்டால் இந்த ஓட்டம் தடைபடும். புழுதிக்காற்று வீசும் பகுதிகளில் வலையைக் கழுவுவதே செலவு குறைந்த குளிரூட்டல் எனலாம்.

நிழல்வலையைக் குடிலுக்குள் விரிப்பதைவிடக் கூரைக்கு மேலே விரிப்பது அதிகப் பலன் தரும். வெப்பம் உள்ளே நுழையுமுன்பே தடுக்கப்படுகிறது. கூரை மீது சுண்ணாம்புக் கரைசல் தெளிப்பதும் உதவும். மழை பெய்தால் அது கரைந்துவிடும். நாள் முழுவதும் வலையை மூடியே வைத்தால் ஒளி குறைந்து விளைச்சல் சரியும் என்பதால், நண்பகல் நேரத்தில் மட்டும் விரிப்பதே நல்லது.

சொட்டுநீரை அதிகாலையில் விட வேண்டும். வெயிலில் கிடக்கும் கருப்புக் குழாய்களில் தேங்கிய நீர் பிற்பகலில் வேரைத் தாக்கும் அளவுக்குச் சூடாகியிருக்கும்.

பசுமைக்குடில் அமைக்க, ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் நிர்ணயிக்கப்பட்ட செலவில் 50 சதவீதம் மானியம் வழங்கப்படுகிறது. எஞ்சிய தொகைக்குக் கடன் வாங்கியவர்களுக்கு ஒரு பருவ விளைச்சல் பொய்த்தாலும் தவணை கட்டுவது சிரமமாகிவிடும். ஆகவே, கோடை உச்சத்தில் பயிரிடாமல் விடுவதும் கணக்கில் கொள்ள வேண்டிய வழிதான். அப்போது மண்ணை நனைத்து, பாலித்தீன் தாளால் மூடி, குடிலையும் அடைத்து நான்கு முதல் ஆறு வாரங்கள் வைத்தால், வெள்ளரி வேர்களைத் தாக்கும் நூற்புழுக்கள் அந்த வெப்பத்திலேயே பெருமளவு மடிகின்றன.