மேஜர் சரவணன் நினைவிடமும் மூன்று சக்கரங்களும்

துறையூரிலிருந்து திருச்சிக்குப் போகாத குடும்பம் நம் குடியிருப்பில் இருக்காது. மருத்துவமனை, கல்லூரி, துணிக்கடை, ரயில் நிலையம் என்று ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி கன்டோன்மென்ட் பக்கம் போகும்போது மேஜர் சரவணன் சாலை என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குரியவரின் நினைவிடமும் திருச்சியில்தான் இருக்கிறது. அவர் யார், எந்த விருது பெற்றார் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல உதவட்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் விருதுகள்

போர்க்களத்தில் எதிரியின் முன் காட்டும் வீரத்துக்கு நம் நாட்டில் மூன்று விருதுகள் உண்டு. பரம் வீர் சக்ரா முதலாவது. அடுத்தது மகாவீர் சக்ரா. மூன்றாவது வீர் சக்ரா. மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று, நாம் குடியரசான அதே நாளில் ஏற்படுத்தப்பட்டன. ஆனால் 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்த வீரச் செயல்களுக்கும் சேர்த்தே வழங்கப்பட்டன. அதனால்தான் 1947 நவம்பர் 3 அன்று காஷ்மீரின் பட்காமில் உயிர்நீத்த மேஜர் சோம்நாத் சர்மா முதல் பரம் வீர் சக்ராவுக்கு உரியவரானார்.

பரம் வீர் சக்ரா பதக்கத்தை வடிவமைத்தவர் சாவித்திரி கானோல்கர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரி ஒருவரை மணந்து, இந்த நாட்டையே தன் நாடாக்கிக்கொண்டவர். புராணங்களை ஆழ்ந்து படித்தவர். வெண்கலத்தாலான சிறிய வட்டப் பதக்கம் அது. நடுவில் நான்முகச் சிங்கம், சுற்றிலும் இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு. அசுரனை வெல்ல ஆயுதம் செய்யத் தன் முதுகெலும்பையே கொடுத்த ததீசி முனிவரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த எலும்பில் பிறந்ததுதான் வஜ்ராயுதம். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதுக்குத் தங்கமோ வெள்ளியோ தேவைப்படவில்லை. வெண்கலமும் ஊதா நிற நாடாவும் போதுமாக இருந்தன.

இதுவரை இந்த விருதைப் பெற்றவர்கள் 21 பேர் மட்டுமே. அவர்களில் 14 பேருக்கு இறந்த பிறகே கிடைத்தது. டெல்லியில் உள்ள தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் 21 பேருக்கும் மார்பளவுச் சிலைகள் உள்ளன. 2023 ஜனவரி 23 அன்று அந்தமான் நிகோபாரில் 21 தீவுகளுக்கு அவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன.

அந்தப் பட்டியலில் ஒரு தமிழர்

21 பேரில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் ஒருவர். 1946 செப்டம்பர் 13 அன்று மும்பையில் பிறந்த தமிழர். சென்னையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயின்று 1972-இல் அதிகாரியானவர். இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப் படையில் 8-வது மகார் பட்டாலியனில் பணியாற்றினார். 1987 நவம்பர் 25 பின்னிரவில், யாழ்ப்பாணப் பகுதியில் தேடுதல் பணி முடிந்து திரும்பிய அவரது குழு மறைந்திருந்தவர்களின் தாக்குதலில் சிக்கியது. அவர் பதற்றப்படாமல் எதிரிகளைப் பின்புறமாக வளைத்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும், சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டார். கடைசி மூச்சுவரை வீரர்களுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டே இருந்தார்.

சென்னை அரும்பாக்கத்தில் ராணுவக் குடியிருப்பு ஒன்று பரமேஸ்வரன் விகார் என்று அவர் பெயரைத் தாங்குகிறது. ஆனாலும் தமிழ்நாட்டில் அவர் பெயர் அதிகம் பேசப்படுவதில்லை. காரணம் புரியாததல்ல. அந்தப் போரில் இருபுறமும் தமிழ் பேசியவர்கள் இருந்தார்கள். அமைதிப் படையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்தார்கள், ஈழத்து மக்களும் பெருந்துயரை அனுபவித்தார்கள். அந்தப் போர் சரியா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை. போரைத் தீர்மானித்தவர்கள் வேறு, அனுப்பிய இடத்துக்குப் போய்த் தன் ஆட்களைக் காக்க முன்னால் நின்றவர் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் இருந்தாலும் நாம் இவரை மறக்க வேண்டியதில்லை.

திருச்சியின் சரவணன்

இப்போது நம் பக்கத்து ஊர்க் கதைக்கு வருவோம். மாரியப்பன் சரவணன் 1972 ஆகஸ்ட் 10 அன்று பிறந்தவர். தந்தையும் ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். சரவணன் பீகார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியனில் அதிகாரியானார்.

1999 மே மாதம். கார்கில் மலை உச்சிகளை எதிரிகள் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி அப்போதுதான் நாட்டுக்குத் தெரியவந்திருந்தது. எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள், என்னென்ன ஆயுதங்கள் வைத்திருக்கிறார்கள் என்ற முழு விவரம் ராணுவத்திடமே இல்லாத நாட்கள் அவை. படாலிக் பகுதியில் 14,000 அடிக்கு மேல் இருந்த ஓர் எதிரி நிலையைப் பிடிக்கும் பணி சரவணனின் குழுவிடம் வந்தது. மே 28 இரவு மலையேறினார்கள். மேலிருந்து பார்ப்பவனுக்குக் கீழே வருகிற ஒவ்வொருவரும் குறிதான். கடும் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே சரவணன் முன்னேறி, ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் பதுங்கு குழிக்குள் சுட்டு இருவரை வீழ்த்தினார். வெடிச் சிதறல் பட்டுக் காயமடைந்த பிறகும் பின்வாங்காமல் போரிட்டார். மே 29 அதிகாலையில் தலையில் குண்டு பாய்ந்தது. அப்போது அவருக்கு வயது 26.

அவர் உடலைக் கீழே கொண்டுவர முடியவில்லை. அந்த உச்சி எதிரியின் கையில் இருந்ததால் ஒரு மாதத்துக்கும் மேலாக உடல் பனியிலேயே கிடந்தது. இடத்தை மீட்ட பிறகுதான் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. மகன் இல்லை என்று தெரிந்தும் முகம் பார்க்க முடியாமல் ஒரு வீடு அத்தனை நாள் காத்திருந்தது. பதக்கத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரவணனுக்கு வழங்கப்பட்டது வீர் சக்ரா. அதே தாக்குதலில் உயிர்நீத்த பீகார்க்காரர் நாயக் கணேஷ் பிரசாத் யாதவுக்கும் வீர் சக்ரா கிடைத்தது. அதே படாலிக் பகுதியில், ஜூலை தொடக்கத்தில், காலுபார் முகட்டில் உயிர்நீத்த கேப்டன் மனோஜ் குமார் பாண்டேவுக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. கார்கில் போரில் அந்த உயரிய விருது பெற்ற நால்வரில் அவரும் ஒருவர்.

பதக்கத்தின் வரிசையும் தியாகத்தின் அளவும்

அப்படியென்றால் ஒருவர் தியாகம் பெரியது, இன்னொருவருடையது சிறியதா? விருது எப்படி வருகிறது என்று பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். கூட இருந்தவர்கள் கண்டதைச் சொல்ல வேண்டும். பட்டாலியன் தலைவர் அதை எழுதிப் பரிந்துரைக்க வேண்டும். அது படிப்படியாக மேலே போய், கடைசியில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர வேண்டும். பார்த்தவர் யாரும் உயிரோடு திரும்பாத இடத்தில் நடந்த வீரம் காகிதத்துக்கே வராது. கார்கிலில் நாம் இழந்தவர்கள் 527 பேர். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்தச் சக்ராவும் இல்லை. பதக்கங்களுக்கு வரிசை உண்டு, உயிருக்கு அது கிடையாது.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் உள்ள முதல் உலகப் போர் நினைவுச் சின்னத்தையும் ஒருமுறை நின்று பாருங்கள். அந்தக் காலத்து நினைவுக் கல்வெட்டுகளில் போனவர்கள் இத்தனை பேர், திரும்பாதவர்கள் இத்தனை பேர் என்ற எண்ணிக்கைதான் இருக்கும், பெயர்கள் இருக்காது. அன்று இந்திய வீரர்களுக்கு விக்டோரியா கிராஸ் வழங்கலாம் என்று ஆங்கில அரசு முடிவு செய்ததே 1911-இல்தான். எண்ணாக மட்டும் நின்றுபோன அந்த மனிதர்களை இனி நம்மால் பெயர் சொல்லி அழைக்க முடியாது. சரவணனை அழைக்க முடியும். பெயரும் தேதியும் நடந்த கதையும் நம் கையில் இருக்கின்றன.

நாம் செய்யக்கூடியது

பெரிய விழா எதுவும் வேண்டாம். மே 29 பள்ளி விடுமுறையில் வரும் நாள். அன்றோ, கார்கில் வெற்றி நாளான ஜூலை 26-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையோ, திருச்சிக்குப் போகும் குடும்பங்கள் பிள்ளைகளையும் நினைவிடத்துக்கு அழைத்துப் போகலாம். கல்வெட்டை அவர்களையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வீர் சக்ரா என்றால் என்ன என்று அங்கேயே விளக்குங்கள். நம் குடியிருப்பிலோ சுற்றியுள்ள ஊர்களிலோ முன்னாள் ராணுவத்தினர் இருந்தால் ஒரு மாலை நம் கூட்ட அறைக்கு அழைத்துப் பேசச் சொல்லலாம். அவர்களிடம் பதக்கம் இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். கூடப் பணியாற்றித் திரும்பாமல் போனவர்களின் பெயர்களைக் கேளுங்கள். பிள்ளைகள் அந்தப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.