கைக்குள் குழாய், மனத்துக்குள் அச்சம்

தேக்கா சந்தையில் ஒரு கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு மறுகையால் மட்டும் காய் பொறுக்குபவரைப் பார்த்தால் கைவலி என்றுதான் நினைப்போம். சட்டைக்குள் கீமோ மருந்துக்கான மெல்லிய குழாய் இருக்கலாம். முழங்கைக்கு மேலே நுழைந்து இதயத்தின் வாசல்வரை செல்லும் குழாய் அது. அசைந்தால் குத்திவிடுமோ என்ற பயம் இயல்புதானே!

1929ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட மருத்துவமனையில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், மேலதிகாரி தடுத்தும் கேளாமல், சிறுநீர்க் குழாய்க்கு உரிய 65 செ.மீ. குழாயைத் தம் இடக்கைச் சிரைக்குள் தாமே செலுத்தினார். அப்படியே படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்தார்! நடந்தார் என்பதைக் கவனியுங்கள். படத்தில் குழாயின் நுனி இதயத்தில் தெரிந்தது. அன்று ஏச்சுதான் மிஞ்சியது. நோபெல் பரிசு 1956ல்தான் வந்தது, இருவருடன் பங்காக.

பின்னர் சியாட்டலில் உருவான புரோவியாக் குழாய் (1973), நோயாளி வீட்டிலிருந்தே சிரைவழி ஊட்டம் பெறுவதற்காகச் செய்யப்பட்டது. படுக்கையில் கிடப்பதற்கல்ல. 1979ல் ஹிக்மன் அதையே சற்றுப் பெரிதாக்கினார்.

நம் வீடுகளிலோ பாசம் தடை போடுகிறது: "அம்மா, நீங்கள் அசையாதீர்கள்." அசையாத கையில் ரத்தம் தேங்கும், தோள் இறுகும். விரல்களை மடக்கி நீட்டலாம், தலை வாரலாம். அரிசி மூட்டை தூக்குவதும் நீச்சலும் வேண்டாம். கை வீங்கினாலோ, சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனையை அழையுங்கள்.

ஊட்ரம் பார்க்கிலிருந்து லிட்டில் இந்தியா நான்கு நிறுத்தம்தான். அம்மாவையும் அழைத்து வாருங்கள்; காய்ப்பையை நீங்கள் தூக்குங்கள், கத்தரிக்காயை அவர் பொறுக்கட்டும்.