மித்தரானின் பத்து நாட்கள்

1981 மே மாதம் பிரான்சுவா மித்தரான் பிரான்ஸ் ஜனாதிபதி ஆனார். வேலையில்லாத் திண்டாட்டத்தைக் குறைப்பேன் என்று சொல்லி ஜெயித்தவர், சொன்னபடி செலவும் செய்தார். குறைந்தபட்ச ஊதியம் 10 சதவீதம் ஏறியது. அரசு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். வாரத்துக்கு 40 மணி நேர வேலை 39 ஆனது. ஜனங்கள் கையில் காசு புழங்கினால் ஆலைகள் ஆள் சேர்க்கும் என்பது கணக்கு.

காசு புழங்கத்தான் செய்தது. ஆனால் வாங்கியதில் நிறைய ஜெர்மன், ஜப்பான் சரக்கு. 1982-ல் ஜப்பான் வீடியோ பெட்டிகள் எல்லாம் புவாத்தியே என்ற உள்நாட்டு ஊரின் சின்ன சுங்க அலுவலகம் வழியாகத்தான் வரவேண்டும் என்று உத்தரவே போட்டார்கள்! சிரிப்புதான் வருகிறது.

சிக்கல் நாணயத்தில் இருந்தது. 1979 முதல் பிராங்க், ஐரோப்பிய நாணய அமைப்புக்குள் ஜெர்மன் மார்க்கோடு கட்டப்பட்டிருந்தது, 2.25 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. அக்கம்பக்கத்தார் சிக்கனம் பிடிக்க, பிரான்ஸ் மட்டும் செலவழித்தால் கயிறு இழுக்காதா? 1981 அக்டோபரில் ஒரு முறை, 1982 ஜூனில் மறுமுறை பிராங்கின் மதிப்பைக் குறைத்தார்கள். நம் புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய சொல்தாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1983 மார்ச்சில் கயிற்றை அறுப்பதா, வேண்டாமா என்று பத்து நாள் இழுபறி. அறுத்துவிடலாம் என்றவர்களில் லொரான் ஃபபியுஸும் ஒருவர். கருவூல இயக்குநர் மிஷேல் காம்தெசு அந்நியச் செலாவணி கையிருப்பு எவ்வளவு குறைவு என்று எடுத்துச் சொன்னதும் அவர் மனம் மாறினார். (1991-ல் நாம் கடனுக்குப் போய் நின்றபோது ஐ.எம்.எஃப். தலைவராக இருந்தவர் இதே காம்தெசுதான்.) பிரதமர் மொருவாவும் நிதியமைச்சர் தெலோரும் உள்ளேயே இருப்போம் என்றார்கள். மித்தரானும் கடைசியில் அதற்கே இணங்கினார்.

மார்ச் 21-ல் மூன்றாவது மதிப்புக் குறைப்பு. கூடவே கட்டாயக் கடன், செலவு வெட்டு. வெளிநாடு போகிறவர் வருஷத்துக்கு 2,000 பிராங்க்தான் எடுத்துப்போகலாம் என்று கட்டுப்பாடு.

மித்தரான் கொள்கையை விற்றுவிட்டார் என்று இன்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியேறியிருந்தால் பிராங்க் இன்னும் சரிந்து, இறக்குமதி எண்ணெய் விலை சாமானியன் தலையில்தான் விடிந்திருக்கும். ஆனால் உள்ளே இருந்ததற்கான விலையையும் வேலை தேடியவர்கள்தான் கொடுத்தார்கள். விலைவாசி அடங்கியது, வேலையில்லாதோர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

ஒன்று மட்டும் தப்பியது. 60 வயதில் ஓய்வு என்ற வாக்குறுதி, அந்தத் திருப்பம் முடிந்த பத்தே நாளில், ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வந்தது. 2010 சட்டம் அதை 62 ஆக்கும்வரை அப்படியே இருந்தது.