முக்கியப் பாதை முறை

ஒரு பெருங்காரியத்தின் உறுப்பு வேலைகளுள் எது எதன் பின்னரே நிகழக்கூடும் என்பதை வலைப்படமாக வரைந்து, அவற்றுள் மொத்தக் காலம் மிக நீண்டதாக அமையும் தொடரை முக்கியப் பாதையெனக் கண்டு, அதனையே காரியம் முடியும் நாளுக்குப் பிரமாணமாகக் கொள்ளும் கணிதமுறை. 1957இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஸ்தாபனத்து மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் இதனை வகுத்தனர்.

வகுக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே இதன் தத்துவம் தொழிலில் வாழ்ந்தது. 1902இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தபோது, சிவசமுத்திரத்து நிலையம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பித்தொடர், வயலில் மின்னேற்கும் கட்டடம் ஆகிய மூன்றில் எது கடைசியில் முடிகிறதோ அதுவே விளக்கெரியும் நாளை நிச்சயித்திருக்கும்.

வடஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழர் பலர் உழைத்த, அவ்வயலின் நந்திதுர்க் போன்றதோர் ஆழ்சுரங்கத்தில் ஒரு சுற்று வேலையை, உதாரணத்திற்காக மணிக்கணக்கைக் கற்பித்துக்கொண்டு, நோக்கலாம்: பாறையில் துளையிட 3 மணி, மருந்து நிரப்பி வெடிக்க 1, புகை கழிய 1, உடைந்த கல்லை வாரி வண்டியேற்ற 4, முட்டுமரம் நிறுத்த 2, ஆக 11 மணி. சுற்றோடு தொடங்கி மேலே மரம் அறுக்க 5 மணியே பிடிக்கும்; கல்லை வாரி முடிந்த பின்னரே மரம் வேண்டுமாதலின், அதற்கு 4 மணி அவகாசம் உண்டு. அது 6 மணி தாமதித்தாலோ பாதை மரத்தின் பக்கம் மாறி, சுற்று 13 மணியாகும். பாதையைக் குறுக்க விழைவோர் புகை கழியும் அந்த ஒரு மணியில் மட்டும் கைவைத்தலாகாது. அது தொழிலாளியின் மூச்சுக்குரியது.