ஓ.எஸ்.ஜி.ஐ. சட்டகத்தில் தொடக்க வரிசை

ஓ.எஸ்.ஜி.ஐ. என்பது ஜாவா பயன்பாடு ஒன்றைத் தனித்தனிப் பொதிகளாகப் பிரித்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பொதிகளைச் சேர்க்கவும் நீக்கவும் இடமளிக்கும் மென்பொருள் சட்டகம். இதன் விவரக்குறிப்பை 1999 மார்ச்சில் உருவான கூட்டமைப்பு வகுத்தது. வீட்டு வலையமைப்பை வெளியுலகோடு இணைக்கும் சிறு கருவிகளே அப்போதைய இலக்கு.

ஒவ்வொரு பொதியும் தான் தரும் சேவையைப் பொதுப் பதிவேட்டில் பதியும். வேண்டுவோர் அங்கே தேடி எடுப்பர். எந்தப் பொதி முதலில் தொடங்கும் என்பதில்தான் சிக்கல். தரவுத்தளச் சேவையை நாடும் பொதி முந்திக்கொண்டால் பதிவேட்டில் ஒன்றும் கிடைக்காது. நிரலர் கணினியில் ஒழுங்காக ஓடிய பயன்பாடு, வரிசை மாறிய வேறொரு கணினியில் தொடங்கும்போதே விழுந்துவிடும். சேவை வருவதையும் போவதையும் கவனித்துச் சொல்லும் சேவைத் தடங்காணி 2001இல் வெளியான இரண்டாம் பதிப்பில் இருந்தது. அது சரியான வழிதான். ஆனால் ஒவ்வொரு நிரலரும் நுணுக்கமான காத்திருப்பு நிரலை எழுத வேண்டியிருந்தது.

2003இல் வந்த மூன்றாம் பதிப்பு தொடக்க நிலைகளைச் சேர்த்தது. பொதிக்கு ஓர் எண் தரப்படும். சிறிய எண் முதலில் தொடங்கும். தொடக்கப் படத்தை முதலில் காட்டுவது, பழுதான பொதிகளை விட்டுவிட்டுப் பாதுகாப்பாகத் தொடங்குவது போன்றவற்றுக்கே இது வகுக்கப்பட்டது. சார்புகளை ஒழுங்குபடுத்தவும் பலர் இதையே கையாண்டனர். எளிது என்பதே காரணம். ஆனால் ஏன் ஒரு பொதிக்கு 3, இன்னொன்றுக்கு 4 என்பதை அந்த எண் சொல்லாது. இடையில் ஒரு பொதி புதுப்பிக்கப்பட்டு அதன் சேவை மறைந்தால், தொடக்கத்தில் காத்த வரிசையால் பயனில்லை.

2004இல் எக்லிப்ஸ் 3.0 இச்சட்டகத்துக்கு மாறியதும், ஏராளமான செருகுநிரல்கள் கொண்ட மேசைக்கணினிப் பயன்பாட்டுக்கும் இக்கேள்வி வந்து சேர்ந்தது. அதே காலத்தில் ஹம்பர்ட்டோ செர்வாண்டஸ், ரிச்சர்ட் ஹால் ஆகியோர் உருவாக்கிய சேவைப் பிணைப்பான் வேறு திசையில் சென்றது: கூறு தன் தேவைகளை ஒரு கோப்பில் அறிவித்தால் போதும். 2005இல் வந்த நான்காம் பதிப்பு அவ்வழியை அறிவிப்புச் சேவைகள் என்ற பெயரில் ஏற்றது. கட்டாயத் தேவைகள் கிடைத்தபின்பே கூறு இயங்கும். அவற்றில் ஒன்று போய் மாற்று இல்லையெனில் நிறுத்தப்படும். இரு கூறுகள் ஒன்றையொன்று கட்டாயமாகக் கேட்டால் இரண்டுமே தொடங்கா. ஒரு தேவையையாவது விருப்பத் தேவையாக்க வேண்டும்.

எண்கள் முற்றிலும் ஒழியவில்லை. அறிவிப்புகளைப் படித்துக் கூறுகளை இயக்கும் பொதியை முதலில் யாரேனும் எழுப்ப வேண்டுமே! எக்லிப்ஸின் அமைவுக் கோப்பில் அப்பொதிக்குத் தொடக்க நிலை எண் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது.