எழுபது வளைவும் ஒரு போண்டாவும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 70. வாசலூர்பட்டி ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் சித்தப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

1990களில் அவருக்கு இதயக் குழாயில் பலூன் வைத்து அடைப்பை எடுத்தார்கள். ஐந்தே மாதம். அதே இடம் மறுபடி அடைத்துக்கொண்டது. 'முட்டை போண்டாவை விட்டுத் தொலைச்சிருக்கணும்டா' என்று இன்றுவரை தன்னையே திட்டிக்கொள்கிறார்.

1977 செப்டம்பர் 16. ஸூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் என்ற டாக்டர், நெஞ்சைப் பிளக்காமல், இதயக் குழாய்க்குள் குட்டி பலூனை அனுப்பி ஊதி அடைப்பை விலக்கினார். அவரிடம் பயின்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல் 1986-ல் இந்தியாவில் அதைத் தொடங்கிவைத்தார். உலகமே கைதட்டியது. ஆனால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களில் மறு அடைப்பு!

குற்றவாளி கொழுப்பு அல்ல. குழாய்ச் சுவரின் தசை செல்கள். சுருங்கி விரிவதுதான் அவற்றின் உத்தியோகம். பலூன் காயப்படுத்தியதும் உத்தியோகத்தை உதறிவிட்டுப் பெருகி, உள்பக்கமாக நகர்ந்து வழியை அடைக்கின்றன.

யார் சொல்லி? துப்பு கிடைத்தது ஒரு மில்லிமீட்டர் புழுவில். 1993-ல் விக்டர் ஆம்ப்ரோஸ் அதில் 22 எழுத்தே உள்ள ஓர் ஆர்.என்.ஏ. துணுக்கைக் கண்டுபிடித்தார். புழு சமாசாரம் என்று விட்டுவிட்டார்கள். 2000-ல் கேரி ருவ்குன் கண்ட இன்னொரு துணுக்கு மனிதனிடமும் இருந்தது. இருவருக்கும் 2024-ல் நோபல். பெயர், மைக்ரோ ஆர்.என்.ஏ. முதலில் கொண்டை ஊசி மாதிரி மடிந்துதான் பிறக்கிறது. நீளம் சுமார் 70 எழுத்து. கொல்லிமலைக்காரர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

பி.காம். பாஷையில் சொல்கிறேனே. ஜீன் எழுதும் செக், தூது ஆர்.என்.ஏ. அதைக் கொடுத்து வாங்கும் பணம், புரதம். மைக்ரோ ஆர்.என்.ஏ. செக்கில் ஒட்டிக்கொண்டு 'ஸ்டாப் பேமென்ட்' போட்டுவிடும்.

2007-ல் எலிகளின் கழுத்துக் குழாயில் பலூன் ஊதிப் பார்த்தார்கள். 21-ம் நம்பர் துணுக்கு எகிறியது. அதை அடக்கினால் சுவர் தடிப்பது குறைந்தது. 145-ம் நம்பர் நேர் எதிர். தசை செல்லை அதன் உத்தியோகத்திலேயே உட்காரவைப்பது அதுதான் என்று 2009-ல் தீபக் ஸ்ரீவஸ்தவா குழு காட்டியது. காயம்பட்ட குழாயில் அதுதான் சரிந்துபோகிறது.

அப்படியானால் 145-ஐ ஊசியில் ஏற்றிவிடலாமே? அங்கேதான் சிக்கல். ஒரே துணுக்கு நூற்றுக்கணக்கான செக்குகளை நிறுத்தும். எந்த உறுப்பில் எதை நிறுத்தித் தொலைக்குமோ! அதனால் ரத்தக் குழாய்க்கு இன்னும் மருந்தாக வரவில்லை. செல் பெருகுவதைத் தடுக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட், 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சித்தப்பாவுக்கு அது லேட்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'அப்ப போண்டா?'

'முதல் அடைப்புல அதுக்குப் பங்கு இருக்கலாம் சித்தப்பா. ரெண்டாவதுக்கு அது மேல கேஸ் நிக்காது.'