மூன்றரைக் கட்டை

எங்கள் மகள் வீடு செண்பகனூரில் இருக்கிறது. சீசன் சமயத்தில் கொடைக்கானல் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது என்பதால், நானும் மனைவியும் மழைக்காலமாகப் பார்த்துத்தான் போவோம். சென்ற ஐப்பசியில் போனபோது மூன்று நாள் விடாத மழை. பள்ளிக்கூடமும் இல்லை. ஆறு வயதுப் பேத்திக்குப் பொழுது போகவேண்டுமே என்று மகள் கணினியிலிருந்து வண்ணம் தீட்டும் படங்கள் சிலவற்றை அச்செடுத்துக் கொடுத்தாள். யானை, ரயில், பியானோ.

பேத்தி பியானோவை எடுத்துக்கொண்டாள். அகலக் கட்டைகளுக்கெல்லாம் கறுப்பு அடித்துவிட்டு, குட்டைக் கட்டைகளை வெள்ளையாக விட்டிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் முப்பத்தைந்து வருஷம் கோப்புகளில் பிழை தேடிய கண் ஆயிற்றே. "தலைகீழா அடிச்சிருக்கியேம்மா, அகலம் வெள்ளை, குட்டைதான் கறுப்பு" என்றேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. குழந்தை தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஒரு புத்தகத்தில் 'கிளாவ்சேன்' என்ற வாத்தியத்தின் படம் பார்த்திருக்கிறேன். பியானோவுக்கு மூத்தது அது. சுத்தியலால் தட்டாமல், இறகுத் தண்டின் முனையால் தந்தியை மீட்டும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சில் செய்த கிளாவ்சேன்களில் அகலக் கட்டைகள் கருங்காலி, குட்டைக் கட்டைகளின் மேல் எலும்புத் தகடு. பியானோ வந்த பிறகும் சிலகாலம் அப்படித்தான். மோசார்ட் வைத்திருந்த, வியன்னாவின் ஆன்டன் வால்டர் செய்த பியானோவிலும் அகலக் கட்டைகள் கறுப்பே. பேத்தி அடித்தது மோசார்ட் வீட்டுப் பியானோவின் நிறம், தப்பு என்னுடையது.

அகலக் கட்டை வெள்ளை என்பது 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. அந்த வெள்ளை யானைத் தந்தம். ஒரு முழு பியானோவில் 88 கட்டைகள். அதில் 52 வெள்ளை. வீட்டுக்கு வீடு பியானோ என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் வாங்கிக் குவித்த காலத்தில் ஆப்பிரிக்க யானைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1989இல் தந்த வாணிபத்துக்கு உலகத் தடை முடிவானது. இப்போது எல்லாம் பிளாஸ்டிக். மகள் அச்செடுத்த யானைப் படத்துக்கும் பியானோ படத்துக்கும் இப்படி ஓர் உறவு.

காலையில் பேத்தியை மடியில் உட்காரவைத்து, "நீ அடிச்சதுதாம்மா பழைய பியானோ, தாத்தாவுக்குத்தான் தெரியலை" என்று ஒப்புக்கொண்டேன். உடனே அவள், "நம்ம ஊருக்குப் பியானோ எப்படி வந்துச்சு தாத்தா?" என்றாள். நல்ல கேள்வி. இந்த மலையில் 1845இல் முதலில் வீடு கட்டியவர்கள் மதுரை அமெரிக்க மிஷனரிகள். கீழே காய்ச்சலில் குழந்தைகளைப் பறிகொடுத்துவிட்டுக் குளிர்ந்த இடம் தேடி வந்தவர்கள். பிறகு பிரெஞ்சுப் பாதிரியார்களும் வந்தார்கள். 1901இல் மிஷனரிக் குழந்தைகளுக்காக ஹைகிளர்க் என்ற இடத்தில் பள்ளி தொடங்கினார்கள். இன்றைய சர்வதேசப் பள்ளி அதுதான், மேலைச் சங்கீதத்துக்கு இப்போதும் பேர்போனது.

மோட்டார் ஏறும் மலைச்சாலையோ முதல் உலகப்போர்க் காலத்தில்தான் வந்தது. அதற்கு முன்னால் அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டிறங்கி, மாட்டுவண்டியில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை வந்து, அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. துரைமாரும் சீமாட்டிகளும் குதிரையிலோ டோலியிலோ ஏறினார்கள். அரிசி, கட்டில், அலமாரி எல்லாம் ஆள் தலையிலும் தோளிலும். சுவரோரம் நிற்கும் சாதாரணப் பியானோவே 200 கிலோவுக்குக் குறையாது. உள்ளே இரும்புச் சட்டம். சாலை வருமுன் இங்கே ஏறிய பியானோ எதுவானாலும் நம்மவர் தோளில் ஏறியதுதான். வாசித்தவர்களின் பெயர் கல்லறைக் கல்லில் இருக்கும். சுமந்தவர்களின் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இருக்காது. நான் புரட்டிய பழைய பதிவேடுகளில் 'கூலி, இத்தனை பேர்' என்றுதான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் நிஜமான பிழை கண்ணில் பட்டது. படம் வரைந்தவர் ஒவ்வொரு இரண்டு அகலக் கட்டைக்கு நடுவிலும் ஒரு குட்டைக் கட்டை போட்டிருந்தார், வேலி அடித்தது மாதிரி. பியானோவும் ஆர்மோனியமும் அப்படி இருக்காது. குட்டைக் கட்டைகள் இரண்டு, பிறகு இடைவெளி, பிறகு மூன்று, மறுபடி இடைவெளி. கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவன் கைக்கு அதுதான் அடையாளம். நாங்கள் தோ ரே மி ஃபா என்று படித்தோம். மிக்கும் ஃபாவுக்கும் நடுவே ஒன்றும் கிடையாது, சிக்கும் அடுத்த தோவுக்கும் நடுவிலும் கிடையாது. ஜெர்மனியில் ஹால்பர்ஸ்டாட் தேவாலயத்தில் 1361இல் வைத்த ஆர்கனிலேயே ஸ்தாயிக்குப் பன்னிரண்டு என்ற இந்த ஏற்பாடு வந்துவிட்டது.

நம் பாடகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு, இரண்டரை, மூன்று என்று சுருதி சொல்வார்கள். அந்த 'அரை'யெல்லாம் குட்டைக் கட்டைகள். மூன்றுக்குப் பிறகு நேராக நாலு. மூன்றரைக் கட்டை யாரும் பாடுவதில்லை, ஏனென்றால் அப்படி ஒரு கட்டையே இல்லை. ஏழரையும் இல்லை (அது சனிக்கு மட்டும்). அந்தத் தாளில் இரண்டுமே இருந்தன. ஒரு கட்டையில் தொடங்கி அகலக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் சங்கராபரணம். நாலரைக் கட்டையை ஸட்ஜமாக வைத்துக் குட்டைக் கட்டைகளை மட்டும் அழுத்தினால் மோகனம். வேலி மாதிரி அடுக்கினால் இரண்டும் வராது.

எனவே ஸ்கேலும் பென்சிலும் எடுத்தேன். பதிவேட்டுக்குக் கட்டம் போட்ட கை இன்னும் நடுங்கவில்லை. வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் நீங்களும் செய்யலாம். ஏ4 தாளின் குறுக்கே ஏழு கட்டங்கள், ஒவ்வொன்றும் 2.35 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளம், மொத்தம் 16.5 செ.மீ.க்குள் ஒரு ஸ்தாயி உண்மை அளவிலேயே அடங்கிவிடும். 1-2, 2-3 கோடுகளின் மேல் குட்டைக் கட்டை, 9.5 செ.மீ. நீளத்துக்கு. 3-4 கோட்டை விட்டுவிடுங்கள். பிறகு 4-5, 5-6, 6-7.

ஏரிச் சாலைக்கு மேலே உள்ள ஒரு கடையில் ஆறு பிரதி எடுத்து வந்தேன். பேத்தி முதல் தாளில் அகலக் கட்டைகளுக்குக் கறுப்பே அடித்தாள், வேண்டுமென்றே என்னைப் பார்த்துக்கொண்டு. இரண்டாவதில் எல்லாவற்றுக்கும் ஊதா. மூன்றாவதில் வண்ணமே இல்லை. பியானோவுக்குக் கீழே தலையில் சும்மாடு வைத்த நாலு பேரை வரைந்திருக்கிறாள்.